நாளைக் காலைக்கும் போட்ட டிக்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். அட்டையை எடுக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்து மடியில் விழும். விழுந்ததும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காது நன்றாகக் கேட்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும்தான் கேட்காது. ஆனாலும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிய ஒரு மாதம் இருந்தது. ஹெப்பகோடியில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வீடு. எங்களுடையது கடைசி, மாடிப்படிக்குக் கீழே. நானும் என் வீட்டுக்காரரும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை, வேறு வேறு கம்பெனி. எனக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அவருக்கு இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை. ஒரே ஷிப்ட் வாங்கினால் பாப்பாவை யார் பார்ப்பது? நாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. நான் வீடு வந்து சேர்வதற்குள் அவர் கிளம்பிப் போயிருப்பார். நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரம் பாப்பா வீட்டு ஓனர் ஆன்ட்டியிடம். வாரத்தில் ஆறு நாள் நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசியதைவிட ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிப் பேசியதுதான் அதிகம். ‘கேஸ் சொல்லியாச்சு.’ ‘பாப்பா இட்லி ரெண்டு.’ ‘தண்ணி மூணு மணிக்கு வரும்.’

ஒரு திங்கட்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. இடது காதைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதாள். டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் பிடிக்கிறது என்று இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று காய்ச்சலுக்கு. அது சிவப்பாக, பாகு மாதிரி இருக்கும். பாப்பா வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். இன்னொன்று காதுக்கு. பொடியாக வரும் பாட்டில், கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும். காலையில் ஒருவேளை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவேளை, ஏழு நாளைக்கு. மெடிக்கல் ஷாப்காரர் அதைக் குலுக்கிக் கொடுக்கும்போது சொன்னார்: “மேங்கோ ஃப்ளேவர்மா. குழந்தைங்க கேட்டு வாங்கிக் குடிக்கும்.”

வீட்டுக்கு வந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மாம்பழம் வைத்திருந்த பாத்திரத்தைக் கழுவாமல் அதில் சுண்ணாம்பைக் கரைத்தது போல இருந்தது. அந்த மருந்தைக் காய்ச்சி அதற்கு மாம்பழம் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், அவர் வாயில் ஒருநாள் மூக்கைப் பிடித்து ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அன்று ராத்திரியே ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். மேலிருந்து கீழே, செவ்வாயிலிருந்து ஏழு நாள், பக்கவாட்டில் காலை, ராத்திரி. காலைக் கட்டம் வீட்டுக்காரருடையது, ராத்திரிக் கட்டம் என்னுடையது. யார் கொடுத்தார்கள், யார் விட்டார்கள் என்ற குழப்பமே வரக்கூடாது என்று நினைத்தேன். எனக்குக் கம்பெனியில் குவாலிட்டியில் வேலை. மிஷினில் நிற்கிறவர்கள் மணிக்கொரு தரம் ஒரு பீஸை எடுத்து அளந்து பார்த்து ஷீட்டில் டிக் போட வேண்டும். அளந்துதான் போட்டார்களா என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். டீக்குப் போவதற்கு முன்னால் பேனாவை எடுத்து மேலிருந்து கீழே வரிசையாக ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் சூப்பர்வைசர் அடிக்கடி ஒரு வார்த்தை சொல்லுவார்: “கட்டம் காலியா இருந்தாதான் கேள்வி.” அவர் அதைக் கண்டிப்பாகச் சொல்லுவார். கேட்பவர்கள் அதை அனுமதியாக எடுத்துக்கொள்வார்கள். இதே பேச்சு என் வீட்டுக்காரர் கம்பெனியிலும் நடக்கும், அவரும் மிஷினில் நிற்கிற ஆள்தான் என்பது எனக்கு அன்று ஏன் உறைக்கவில்லை என்று கேட்டால், எட்டு மணி நேரம் அடுத்தவர் போட்ட டிக்கைச் சந்தேகப்பட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதையே செய்யத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மருந்து கொடுப்பது என்ன பெரிய காரியமா என்று கேட்காத ஆள் இல்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அக்கா, தன் மூன்று பிள்ளைகளும் ஸ்பூனை நக்கிக் கொடுத்ததாகச் சொன்னார். ஓனர் ஆன்ட்டி, கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர், பாலில் கலந்து கொடு என்றார். திங்கட்கிழமை ராத்திரியே கலந்தேன். பாப்பா ஒரு வாய் உறிஞ்சினாள், என் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைத் தட்டிவிட்டாள். அன்றோடு பாலும் போயிற்று. வெள்ளையாக எதைக் காட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள், தயிர்ச்சோறு வரைக்கும். ஆன்ட்டியிடம் சொன்னால், “நான் சொன்னா மாதிரி கலக்கியிருக்க மாட்ட” என்றார். யோசனை சொல்லுகிற யாரும் துணி துவைக்க வருவதில்லை.

பிறகு நான் எங்கள் ஊர் வழக்கத்துக்கு வந்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவை மடியில் மல்லாத்திப் போட்டு, அவள் கை இரண்டையும் என் தொடைக்குள் இடுக்கி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்த நேரத்தில் பாலாடையால் ஊற்றுவது. எங்களுக்கெல்லாம் அப்படித்தான் ஊற்றினார்கள். பாப்பா துடிப்பாள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். பாதி நாள் ஊற்றி முடித்துத் தூக்கி நிறுத்தியதுமே என் தோளில் வாந்தி எடுப்பாள். நான் தோளைத் துடைத்துக்கொண்டு போய் என் கட்டத்தில் டிக் போடுவேன். ஊற்றினேன் அல்லவா? செவ்வாய்க்கிழமை சத்தம் கேட்டு ஆன்ட்டி கதவில் வந்து நின்றார். “ஏன்மா, மகுவ கொல்றியா என்னா?” என்றார். மகு என்றால் கன்னடத்தில் குழந்தை. கதவைச் சாத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

அன்று அவருக்கு வார விடுமுறை, வீட்டில்தான் இருந்தார். நான் ஊற்றுவதைச் சமையல் மேடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த வண்டி அது.

காலையில் எப்படிக் குடிக்கிறாள் என்று கேட்டேன். “குடிக்கிறா” என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்பா கொடுத்தால் குடிக்கிறாள், அம்மா கொடுத்தால் கக்குகிறாள். பாட்டிலைப் பார்த்தால் மருந்து தினமும் சரியாகத்தான் குறைந்துகொண்டு வந்தது. காய்ச்சல் மருந்து கொடுத்தால் நாலு மணி நேரம் உடம்பு ஜில்லென்று இருக்கும், ஓடுவாள், சிரிப்பாள். சரியாகிறது என்று நினைப்போம். பிறகு மறுபடி ஏறும். வெள்ளிக்கிழமை மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. தலையை என் தோளில் வைத்தால் இடது காது படும்படி வைக்க மாட்டேன் என்கிறாள். அவர் ஷிப்டுக்குப் போகாமல் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். கிளினிக்குக்குக் கிளம்பினோம். டாக்டர் கேட்பார் என்று ஃபிரிட்ஜில் இருந்த தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தவர் அவர்தான்.

டாக்டரம்மா காதைப் பார்த்தார். முன்னைவிட மோசம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மருந்து விடாமல் கொடுத்தீர்களா என்று கேட்டார். இவர் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா அதைப் பிரித்துக் கட்டங்களை விரலால் வருடிவிட்டு, இவ்வளவு ஒழுங்காக எழுதிவைக்கிற பெற்றோரை நான் பார்த்ததில்லை என்றார். பிறகு சொன்னார், இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் வாய்வழி மருந்து இவளுக்குப் போதவில்லை என்று அர்த்தம். அட்மிட் செய்து, கையில் ஊசி ஏற்றி, நரம்பு வழியாக மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். இன்றைக்கே. எங்கே படுக்கை இருக்கிறது என்று கேட்கப் போனை எடுத்தார்.

முந்தின வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தி, அட்டை வைத்துக் கட்டி, அந்தக் குழந்தை கையைத் தூக்கித் தூக்கி இது என்ன என்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தாளைப் பார்த்தேன். வேலைப் பழக்கத்தில் கண் டிக்குகளின்மேல் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை, டிக். அதற்குக் கீழே சனிக்கிழமை காலை, டிக். ஞாயிறு காலை, டிக். திங்கள் காலை, டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, கடைசி டிக் அவசரத்தில் கட்டத்தைத் தாண்டிக் கீழே ஓடியிருந்தது.

இந்தக் கையெழுத்தை நான் தினமும் பார்க்கிறவள். நூறு பேர் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

“ஏங்க,” என்றேன். “நாளைக்குக் காலையில குடுத்த மருந்த பாப்பா முழுங்குச்சா, துப்புச்சா?”

அவர் தாளைப் பார்த்தார். அவர் காதுமடல் சிவந்தது. டாக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“எத்தனை வேளை குடுத்தீங்க?” என்றேன்.

“செவ்வாக்கிழமை கொஞ்சம் போச்சு,” என்றார்.

“அப்புறம்?”

“அப்புறம் இல்ல.”

பாட்டில் குறைந்ததே என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் காலையில் மூடியில் கோடு பார்த்து அளந்து, வாஷ்பேசினில் ஊற்றித் தண்ணீர் விட்டிருக்கிறார். நான் பாட்டிலைப் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். பொய் சொன்னதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அளந்து ஊற்றியிருக்கிறார். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் சாக்கடைக்கு மருந்து கொடுத்திருக்கிறார். சாக்கடைக்குக் காதுவலி குணமாகியிருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையில் இருந்த எதையாவது எடுத்து எறிந்திருப்பேன். மடியில் பாப்பா இருந்தாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். ராத்திரி மருந்து சரியாகப் போனதா என்று கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவேன் மேடம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். உள்ளே தங்குமா என்றார். சில நாள் வாந்தி எடுப்பாள் என்றேன்.

“வாந்தி எடுத்த நாளுக்கும் டிக் இருக்கே?”

“ஊத்தினேனே மேடம்.”

“நீங்க ஊத்தினதுக்கா டிக்கு, அவ குடிச்சதுக்கா?”

பக்கத்தில் அவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அவருக்கு ஒரு நிம்மதி வந்ததோ என்று ஒரு நொடி தோன்றியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. என் டிக்கும் அவர் டிக்கும் ஒன்றில்லை. நான் கொடுத்தேன். அழவிட்டேன், அடி வாங்கினேன், வாந்தியைத் துடைத்தேன். ஆனால் டாக்டரம்மா கேட்டதும் சரிதான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாக்டரம்மா போனை மேசையில் வைத்தார். நல்லவேளை இப்போதே சொன்னீர்கள், இல்லையென்றால் தேவையில்லாமல் குழந்தையைக் குத்தியிருப்பேன் என்று எங்களை நன்றாகத் திட்டினார். திட்டிவிட்டு, மூன்று நாள் தருகிறேன் என்றார். அதே மருந்து, புது பாட்டில், முதலிலிருந்து. திங்கட்கிழமை காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், குறையவில்லை என்றால் படுக்கைதான்; நடுவில் காய்ச்சல் ஏறினாலோ சோர்ந்து போனாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். மல்லாத்திப் போட்டு மூக்கைப் பிடித்து ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், மூச்சுக்குழாயில் போனால் காதோடு நிற்காது என்றார். ஊசியில்லாத ஒரு சின்ன சிரிஞ்சைக் கொடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கியதும் அடுத்ததை விடச் சொன்னார். கக்கினால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள் என்று எண்ணை எழுதினார்.

ஆட்டோவில் வரும்போது நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆட்டோ நகராமல் நிற்க, டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். கலியாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்று சொன்ன வாய், அன்று ‘நீ’ என்று சொன்னது. பாப்பாவுக்குக் காது போயிருந்தால் அந்தத் தாளை அவள் காதில் வைத்துப் படித்துக் காட்டியிருப்பாயா என்று கேட்டேன். டிக் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க இவள் என்ன உன் கம்பெனி பீஸா என்று கேட்டேன்.

ஆட்டோ நகர ஆரம்பித்ததும் அவர் சொன்னார்.

“நீ அவள அமுக்கி ஊத்துறதப் பாத்தேன். மறுநாள் காலையில பாட்டில எடுத்தேன். என்னப் பாத்துக் கையக் கூப்பினா.”

“கையக் கூப்பினாளா?”

“சாமி கும்புடுவால்ல, அந்த மாதிரி. ‘அப்பா வேணா’ன்னு. ரெண்டு வயசு கூட ஆவல. கும்புட்டா. எனக்குக் கை வரல.”

நான் சன்னல் இல்லாத அந்த ஆட்டோவின் பக்கவாட்டில் வெளியே பார்த்தேன். கை வரவில்லை என்றால் வரவில்லை என்று எனக்கு ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கலாமே. கேஸ் சொன்னதை எழுதத் தெரிந்தவருக்கு இது எழுதத் தெரியாதா? கேட்டேன். கட்டம் காலியாக இருந்தால் நீ கத்துவாய் என்றார். கத்தியிருப்பேன். அது உண்மைதான். ஆனாலும் கத்துவதற்குப் பயந்து குழந்தையின் காதைப் பணயம் வைப்பார்களா? அதையும் கத்தித்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தாளைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புதிதாகக் கட்டம் வரைந்தேன், இந்த முறை பெரிது பெரிதாக. அவரிடம் சொன்னேன், “டிக் போடக் கூடாது. என்ன நடந்துச்சோ அத எழுதணும். நானும் எழுதுறேன்.”

முதல் வேளையை இருவரும் சேர்ந்தே கொடுத்தோம். அவர் பாப்பாவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். நான் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். சிரிஞ்சைப் பார்த்ததும் அவள் கையைக் கூப்பினாள். அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. நான் ஊற்றும்போது கை என் தொடைக்குள் இருக்குமே, எங்கே கூப்புவது? ஒரு நிமிஷம் எனக்கும் கை வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். பேசவில்லை. பாப்பாவின் கூப்பிய கையின்மேல் தன் கையை வைத்து மெதுவாக மூடிக்கொண்டார்.

கன்னத்து ஓரமாக ஒரு துளி விட்டேன். முகத்தைச் சுளித்தாள், விழுங்கினாள். இன்னொரு துளி. பத்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை என் முகத்தில் துப்பினாள். முடிந்ததும் கையை உருவிக்கொண்டு என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இரண்டு வயதுக் கைக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் கோபம், நியாயமான கோபம். அதன்பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் வரவில்லை. ஓனர் ஆன்ட்டியிடம் போய் என்னைக் காட்டி “அம்மா ச்சீ” என்றாள். ஆன்ட்டிக்கு ஒரே சந்தோஷம்.

நான் ராத்திரிக் கட்டத்தில் எழுதினேன்: ‘பத்து நிமிஷம். முகத்தில் கொஞ்சம். மீதி போனது. வாந்தி இல்லை.’ சனிக்கிழமை மதியம் வந்து பார்த்தால் அவர் கட்டத்தில் இருந்தது: ‘பாதி போச்சு. பாதி சட்டை. டாக்டருக்கு போன் பண்ணேன். அவங்க சொன்ன அளவு திரும்ப குடுத்தேன்.’ நான் நம்பவில்லை. அழுக்குக் கூடையைக் கிளறி அவருடைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். மாம்பழச் சுண்ணாம்பு. அப்போதுதான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் காய்ச்சல் மருந்து இல்லாமலே ஒரு பகல் முழுக்க ஜில்லென்று இருந்தாள். இடது காதைத் தலையணையில் வைத்துத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் மருந்து கொடுத்துவிட்டு அவரே பாப்பாவைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஷிப்ட். டீ நேரத்தில் போன் வந்தது. சிவப்பு வடிந்துவிட்டது, படுக்கை வேண்டாம், பாட்டிலை மட்டும் முழுசாக முடிக்க வேண்டும். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போய் என் மேசையில் உட்கார்ந்தேன். எட்டாம் நம்பர் மிஷின் ஷீட் வந்தது, பன்னிரண்டு மணிக் கட்டம் வரைக்கும் டிக். மணி பத்துதான் ஆகியிருந்தது. அந்த மிஷின்காரர் அன்று என்னிடம் வாங்கிய பேச்சுக்கு, பாவம், பாதி வேறு ஆளுக்குச் சேர வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். திங்கள் காலைக் கட்டத்தில், கோணல்மாணலாக, அவருடைய நீலப் பேனாவில் எழுதியிருந்தது:

‘முழுசா குடிச்சா. என்னக் கடிச்சா.’